5 மணி நேரம் விரியும் பூவை 20 வினாடியில் பார்க்கலாம்!

எங்கள் வீட்டு வாசலில் ஒரு பூச்செடி இருக்கிறது. வருடத்தில் சில இரவுகள்தான் பூக்கும். ஒவ்வொரு பூவுக்கும் ஒரே இரவுதான் ஆயுள். மாலையில் மொட்டாக இருக்கும். நள்ளிரவில் உள்ளங்கையை விடப் பெரிய வெள்ளைப் பூவாக விரிந்து நிற்கும். பொழுது விடிந்தால் வாடித் தொங்கும்.

அந்தச் செடியை வைத்தவர் என் அம்மா. ஆனால், அந்தப் பூ விரிவதை அம்மா ஒரு நாளும் பார்த்தது இல்லை.

என்ன காரணம்? அம்மாவுக்கு வயது 78. இரவு 8 மணிக்கு மாத்திரை சாப்பிடுவார். எட்டரைக்குத் தூங்கிவிடுவார். பூ விரியத் தொடங்குவதே அந்த நேரத்தில்தான். காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால், கழுத்து ஒடிந்த கோழி மாதிரி பூ தொங்கிக் கொண்டிருக்கும்.

"என் மேல இந்தப் பூவுக்கு என்ன கோபமோ! எனக்குக் காட்டாமலே பூக்குது" என்பார் அம்மா.

"எழுப்பிக் காட்டக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு முறை எழுப்பினோம். இரவு 11 மணி. பாதித் தூக்கத்தில் எழுந்த அம்மாவுக்குத் தலை சுற்றியது. வாசற்படியில் விழப் போனார். நல்ல வேளை, என் மனைவி பிடித்துக் கொண்டாள். அதன் பிறகு டாக்டர், "மாத்திரை போட்ட பிறகு அவரை எழுப்பவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பூத்த பூவைப் போட்டோ எடுத்துக் காட்டினேன். அம்மா பார்த்தார். "இது பூத்த பூ. எப்படிப் பூத்ததுன்னு காட்டு" என்றார்.

அப்படித்தான் நான் இந்த வேலையில் இறங்கினேன்.

இது என்ன பூ?

இதைச் சிலர் 'நிஷாகந்தி' என்கிறார்கள். நம் ஊரில் பலர் 'பிரம்ம கமலம்' என்று கூப்பிடுகிறார்கள். ஆனால், இமயமலையில் உள்ள பிரம்ம கமலம் வேறு. இது வேறு. இதன் சொந்த ஊர் மெக்சிகோவும் அதன் தெற்கே உள்ள நாடுகளும். இது கள்ளி இனத்தைச் சேர்ந்தது! முள் இல்லாத கள்ளி. இலை மாதிரி நீளமாகத் தொங்குகிறதே, அது உண்மையில் தண்டு. அதில் ஒரு துண்டை வெட்டி மண்ணில் நட்டால் வேர் விடும்.

அம்மா அப்படித்தான் கொண்டு வந்தார். தன் தங்கை வீட்டில் இருந்து ஒரு துண்டை ஈரத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டு பஸ்சில் வந்தார். அது நடந்து 7 வருடம் ஆகிறது. நான்காவது வருடம் முதல் பூ பூத்தது.

மாயம் அல்ல, கணக்கு

டெலிவிஷனில் நீங்கள் பார்த்து இருப்பீர்கள். விதை முளைத்து, இலை விட்டு, மளமளவென்று வளரும். மேகங்கள் குதிரை மாதிரி ஓடும். மொட்டு 'பட்'டென்று மலரும். இதற்கு 'டைம் லேப்ஸ்' என்று பெயர்.

இதில் மாயம் எதுவும் இல்லை. சினிமா ஓடுவது எப்படி என்று தெரிந்தால் இதுவும் புரிந்துவிடும்.

சினிமா என்பது ஓடுகிற படம் அல்ல. அசையாத படங்களின் வரிசை. வினாடிக்கு 24 படங்களை ஒன்றன் பின் ஒன்றாகக் காட்டுகிறார்கள். நம் கண் ஏமாந்து, ஆள் நடக்கிறார் என்று நினைக்கிறது. செல்போனில் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் வினாடிக்கு 30 என்ற கணக்கில் ஓடுகின்றன.

எடுப்பதும் காட்டுவதும் ஒரே வேகத்தில் இருந்தால், உலகம் நாம் பார்ப்பது போலவே தெரியும். எடுப்பதை மட்டும் மெதுவாகச் செய்தால்?

30 வினாடிக்கு ஒரு படம் வீதம் எடுக்கிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். 15 நிமிடத்தில் 30 படங்கள் சேரும். அந்த 30 படங்களும் திரையில் ஒரே வினாடியில் ஓடிவிடும். அதாவது, பூவுக்கு 15 நிமிடம், நமக்கு ஒரு வினாடி! 5 மணி நேரம் விரிகிற பூ 20 வினாடியில் விரிந்துவிடும்.

லண்டன் குமாஸ்தா

இந்த வித்தை இன்று நேற்று வந்தது அல்ல. சினிமா பிறந்த சில வருடங்களிலேயே வந்துவிட்டது.

1901-ம் ஆண்டு. அமெரிக்காவில் நியூயார்க் நகரில் 'ஸ்டார் தியேட்டர்' என்ற பழைய நாடகக் கொட்டகையை இடித்தார்கள். எதிரே இருந்த சினிமா கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். ஜன்னல் வழியாகக் காமிராவை வைத்தார்கள். 4 நிமிடத்துக்கு ஒரு படம். தினம் 8 மணி நேரம். இப்படியே இடித்து முடிக்கும் வரை எடுத்தார்கள். பிறகு ஓட்டிப் பார்த்தால், அவ்வளவு பெரிய கட்டிடம் வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி கரைந்து போகிறது! அந்தப் படத்தைப் பின்னால் இருந்து முன்னால் ஓட்டியும் காட்டலாம். அப்போது, தரையில் இருந்து கட்டிடம் தானாக எழுந்து நிற்கும்.

பூவைப் படம் பிடித்துப் புகழ் பெற்றவர் ஓர் ஆங்கிலேயர். அவர் பெயர் பெர்சி சுமித். லண்டனில் கல்வி இலாகாவில் குமாஸ்தாவாக இருந்தவர். பைல் கட்டுகளோடு காலம் தள்ளிய அவருக்கு, ஈ, சிலந்தி, செடி, கொடி இவற்றைப் படம் எடுப்பதில் பைத்தியம். பின்பு வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதில் இறங்கினார். 1910-ம் ஆண்டு 'ஒரு பூவின் பிறப்பு' என்ற படத்தை வெளியிட்டார். ரோஜாவும் லில்லியும் திரையில் தானாக விரிந்ததைக் கண்டு மக்கள் வாயைப் பிளந்தார்கள்.

அவர் கையில் விலை உயர்ந்த கருவிகள் இல்லை. வீட்டில் கிடந்த சாமான்களைக் கொண்டு கருவிகளை அவரே செய்தார். இரவும் பகலும் காமிரா ஓட வேண்டும். நடு இரவில் பிலிம் தீர்ந்துவிட்டால்? அதற்காக வீடெங்கும் மணி கட்டி வைத்து இருந்தார். பிலிம் மாற்ற வேண்டும் என்றால் மணி அடிக்கும். மனிதர் தூக்கத்தில் இருந்து எழுந்து ஓடுவார். அவர் வீட்டில் இருந்தவர்களை நினைத்தால்தான் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது!

இன்று நமக்கு மணி வேண்டாம், பிலிம் வேண்டாம். சட்டைப் பையில் இருக்கிற செல்போன் போதும்.

நான் செய்த தவறுகள்

போதும் என்றுதான் நானும் நினைத்தேன். போன வருடம் ஆடி மாதம். மொட்டு ஒன்று பெருத்து நின்றது. செல்போனை ஒரு செங்கல் மேல் சாய்த்து வைத்தேன். திரை முழுவதும் மொட்டு தெரிகிற மாதிரி, கிட்டத்தில் வைத்தேன். பட்டனைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் அம்மாவை உட்கார வைத்துப் படத்தைப் போட்டேன்.

மொட்டு தெரிந்தது. மெல்ல அசைந்தது. பிறகு தலையை நிமிர்த்திக் கொண்டு திரையை விட்டு வெளியே போய்விட்டது! மிஞ்சியது ஒரு காம்பும், எதிர்வீட்டுச் சுவரும். கொஞ்ச நேரம் சுவர் தெரிந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. காரணம், இரவு 9.40-க்கு என் நண்பர் ஒருவர் போன் செய்து இருக்கிறார். போன் மணி அடித்ததும் படம் எடுப்பது நின்று போயிற்று.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக் கொண்டார். "சுவர் நல்லா இருக்கு" என்றார்.

அந்த வருடம் மழை முந்திக் கொண்டது. மீதி இருந்த இரண்டு மொட்டுகளும் உதிர்ந்துவிட்டன. இனி அடுத்த வருடம்தான். 78 வயது மனுஷியிடம், "அடுத்த வருடம் காட்டுகிறேன்" என்று சொல்வது எவ்வளவு சங்கடம் என்பது சொன்னவர்களுக்குத்தான் தெரியும்.

ஒத்திகை பார்த்தோம்

இந்த முறை நான் அவசரப்படவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளைக் கூட்டுச் சேர்த்துக் கொண்டேன். "அப்பா, ஒரு தடவைதான் பூக்கும்னா, அதுக்கு முன்னாடி வேற எதையாவது எடுத்துப் பழகணும்" என்றாள் அவள். இந்த யோசனை எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை!

முதல் ஒத்திகை குண்டுமல்லி. காலையில் பறித்த மொட்டு மாலையில் விரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் மொட்டுகளை ஒரு தட்டில் தண்ணீர் தெளித்து வைத்து, மாலை 4 மணி முதல் 9 மணி வரை எடுத்தோம். படம் பளிச் பளிச்சென்று கண்ணைக் குத்தியது. ஒரு படம் வெளிச்சமாகவும், அடுத்தது இருட்டாகவும் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் மாற மாற, செல்போன் தானாகவே ஒளியைக் கூட்டிக் குறைத்ததுதான் காரணம்.

இதற்கு வழி இருக்கிறது. பல செல்போன்களில் திரையில் பூ தெரியும் இடத்தில் விரலை வைத்துச் சிறிது நேரம் அழுத்தினால், ஒரு பூட்டுப் படம் தோன்றும். ஒளியும் 'போக்க'ஸும் அப்படியே பூட்டிக் கொள்ளும். பிறகு மாறாது. ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரே ஒரு விளக்கை வைத்து எடுப்பது இன்னும் நல்லது. அந்த விளக்கும் பூவுக்கு நேராக இருக்கக் கூடாது. வெள்ளைச் சுவரின் பக்கம் திருப்பி வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நிலா வெளிச்சம் போல மெதுவாக இருக்கும். படத்தில் கோடு கோடாக விழுந்தால் அது விளக்கின் குற்றம். சில எல்.இ.டி. பல்புகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். வேறு பல்பு போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது ஒத்திகைதான் தமாஷ். இட்லி மாவு! அரைத்த மாவைக் கண்ணாடி ஜாடியில் பாதி ஊற்றி, மாவு நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் மாட்டினோம். சமையல் அறை மேடையில் வைத்து, நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் 8 மணி நேரம் எடுத்தோம். 480 படங்கள். 16 வினாடி.

மாவு உயிர் உள்ள பிராணி மாதிரி மூச்சுவிட்டது. குமிழ் குமிழாக உப்பியது. ரப்பர் வளையத்தைத் தாண்டி ஏறியது. அறுபது வருடமாக மாவு அரைத்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வேலையா பண்ணுது ராத்திரி பூரா!" என்று வாயில் கையை வைத்துக் கொண்டார். நாலு தரம் போட்டுக் காட்டச் சொன்னார். எனக்கு இட்லி கிடைக்க மணி 9 ஆயிற்று.

600-ஆல் வகுங்கள்

எத்தனை வினாடிக்கு ஒரு படம் எடுப்பது? புதிதாக எடுப்பவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள். என் மகள் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தாள்.

20 வினாடிப் படம் பார்க்க நன்றாக இருக்கும். அதற்கு மேல் போனால் அலுக்கும். 20 வினாடிக்கு 600 படங்கள் வேண்டும். ஆகவே, ஒரு காரியம் நடக்க எத்தனை வினாடி ஆகும் என்று கணக்குப் போட்டு, 600-ஆல் வகுத்துவிடுங்கள். வருகிற எண்தான் இடைவெளி.

மொட்டை மாடியில் அரை மணி நேரம் மேகம் ஓடுவதை எடுக்க வேண்டுமா? அரை மணி என்பது 1,800 வினாடி. 600-ஆல் வகுத்தால் 3. மூன்று வினாடிக்கு ஒரு படம். மார்கழிக் காலையில் வாசலில் 20 நிமிடம் கோலம் போடுகிறார்கள். மாடியில் இருந்து நேர் கீழாக எடுத்தால், 2 வினாடிக்கு ஒரு படம் போதும். கோலம் போடுகிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். என் மனைவியிடம் சொல்லாமல் எடுத்து, நான் வாங்கிக் கட்டிக் கொண்டேன். பச்சைப்பயறு முளைப்பதை எடுப்பதானால், ஈரப் பஞ்சில் வைத்து, இரண்டு நாளைக்கு 5 நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கலாம். வகுத்துப் பார்க்க வேண்டாம், நாங்கள் பார்த்துவிட்டோம். 19 வினாடி வரும்.

வீடு கட்டுகிறவர்கள் இன்னும் சுலபமாகச் செய்யலாம். எதிரே ஒரு சுவரில் ஆணி அடித்து அடையாளம் வைத்துக் கொள்ளுங்கள். தினம் அதே இடத்தில், அதே நேரத்தில் ஒரே ஒரு படம் எடுங்கள். அஸ்திவாரத்தில் இருந்து கிரகப் பிரவேசம் வரை வீடு வளர்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

இடைவெளியில் சந்தேகம் வந்தால், குறைவாகவே வையுங்கள். இடைவெளி அதிகமானால் பூ விரியாது. தவளை மாதிரி தாவும். கூடுதலாக எடுத்ததைப் பிறகு கழித்துக் கொள்ளலாம். எடுக்காததைக் கூட்ட முடியாது.

சில செல்போன்கள் இடைவெளியைக் கேட்பது இல்லை. 'எத்தனை மடங்கு வேகம்?' என்று கேட்கும். 5 மணி நேரத்தை 120 மடங்கு வேகத்தில் எடுத்தால், 150 வினாடி வரும். பூவுக்கு அது கொஞ்சம் நீளம்தான். பின்னால் இன்னும் வேகப்படுத்திக் கொள்ளலாம். வினாடிக் கணக்கில் இடைவெளி வைக்க வேண்டும் என்றால், அதற்கென்று தனியாக 'ஆப்'கள் இருக்கின்றன. இலவசமாகவே கிடைக்கின்றன.

பனிமலைக்கும் இதே பாடு

சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பாடா என்று நினைக்கிறீர்களா? பெரியவர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஜேம்ஸ் பேலாக் என்று ஒரு அமெரிக்கர். பெயர் பெற்ற போட்டோக்காரர். பூமி சூடாவதால் பனிமலைகள் உருகுகின்றன என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். ஜனங்கள் நம்பவில்லை. "கண்ணால் காட்டினால் நம்புவார்கள் அல்லவா?" என்று நினைத்தார் பேலாக். 2007-ம் ஆண்டு கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா முதலிய இடங்களில் பாறைகளில் காமிராக்களைப் பொருத்தினார். பகலெல்லாம் அவை தாமாகவே படம் எடுக்க வேண்டும். வருடக்கணக்கில்! முதலில் போய்ப் பார்த்தபோது பல காமிராக்கள் வேலை செய்யவே இல்லை. மணி பார்த்துப் படம் எடுக்கச் சொல்லும் கருவி கோளாறாகிவிட்டது. கண்ணீர் வராத குறை. திரும்பவும் எல்லாவற்றையும் சரி செய்து வைத்தார். பல மைல் அகலப் பனிக்கட்டி ஆறுகள் பின்வாங்கி ஓடுவதை உலகம் சில நிமிடத்தில் பார்த்தது. 2012-ல் அது சினிமாப் படமாகவும் வந்தது.

வாசலில் சுவரைப் படம் எடுத்தவனுக்கு இந்தக் கதை எவ்வளவு ஆறுதல் தெரியுமா!

அந்த இரவு

இந்த வருடம் ஆவணியில் மூன்று மொட்டுகள் வந்தன. தொங்கிக் கொண்டு இருந்த மொட்டு, கழுத்தை வளைத்துத் தலையை மேலே தூக்கியது. வெள்ளை தெரியும்படி பெருத்தது. வெளிப்பக்கம் உள்ள இளஞ்சிவப்பு இதழ்கள் விலகத் தொடங்கின. இதுதான் அடையாளம். அன்று இரவே பூக்கும்.

மாலை 6 மணிக்கு வேலை தொடங்கியது.

செங்கலைத் தூக்கி எறிந்தேன். மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றை இரவல் வாங்கி வந்து, கால்களில் மணல் மூட்டை கட்டினேன். செல்போன் ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் படத்தில் பூகம்பம் வந்த மாதிரி ஆடும். பூத்தண்டைச் சிறு மூங்கில் குச்சியோடு நூலால் கட்டினேன். காற்று வராமல், ஒரு பக்கம் பழைய போர்வையைக் கட்டித் தொங்கவிட்டேன்.

மொட்டை வைத்து அளவு பார்க்காமல், பூவை வைத்து அளவு பார்த்தோம். இதுதான் போன வருடம் நான் கற்ற பாடம். என் மகள் மொட்டுக்கு முன்னால் தன் கையை முழுவதும் விரித்துக் காட்டினாள். அந்தக் கை முழுவதும் திரைக்குள் தெரிகிறதா, சுற்றிலும் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறதா என்று பார்த்துக் கொண்டேன். மொட்டு மட்டும் இருக்கும்போது திரை வெறிச்சென்று இருந்தது. இருக்கட்டும். பூ வந்து நிரப்பிக் கொள்ளும்.

போனில் உள்ள பழைய படங்களை அழித்து இடம் உண்டாக்கினோம். ஒரு படம் 4 எம்.பி. என்றால், 600 படத்துக்கு 2,400 எம்.பி. வேண்டும். சார்ஜர் வயரை மாட்டினோம். கரண்டு போனால் என்ன செய்வது? அதற்காகச் சார்ஜரைச் சுவரில் மாட்டாமல் 'பவர் பேங்க்'கில் மாட்டினோம். விளக்குக்கும் பாட்டரி விளக்குதான். கடைசியில், மறக்காமல், விமானத்தில் போகிறவர்கள் போடுகிற சுவிட்சைப் போட்டோம். இனி எந்த நண்பர் கூப்பிட்டாலும் மணி அடிக்காது.

7.30-க்கு முதல் படம். 30 வினாடிக்கு ஒரு முறை. 12.30 வரை.

அம்மா தூங்கப் போகும் முன்பு வாசலுக்கு வந்து பார்த்தார். மணல் மூட்டை, போர்வை, மூங்கில், நூல். "பூவுக்குப் பிரசவம் பார்க்குற மாதிரில்ல இருக்கு!" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

நாங்கள் யாரும் கிட்டே போகவில்லை. மணி 10-க்கு வாசனை உள்ளே வந்தது. 11-க்கு வீடு முழுவதும் வாசனை. எழுந்து போய்ப் பார்க்கக் கை கால் பரபரத்தது. லண்டன் குமாஸ்தாவை நினைத்துக் கொண்டு பேசாமல் இருந்தேன்.

காலையில்

காலை 7 மணி. அம்மா காபி குடித்து முடித்தார். படத்தைப் போட்டேன். சின்னத் திரையில் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, டெலிவிஷனில் தெரிய வைத்தோம்.

வெறிச்சென்ற இருட்டு. நடுவில் மொட்டு. வெளி இதழ்கள் விரல் மாதிரி ஒவ்வொன்றாகப் பின்னால் வளைந்தன. மொட்டு ஒரு முறை குலுங்கியது. வாய் திறந்தது. வெள்ளை இதழ்கள் தள்ளித் தள்ளி விரிந்தன. பூ கழுத்தை நிமிர்த்தி எங்களை நேராகப் பார்த்தது. நடுவே ஒரு கணம் பளிச்சென்று ஒரு வெளிச்சம். பிறகு மறுபடியும் பூ. திரை நிறைந்துவிட்டது.

20 வினாடி. முடிந்தது.

அம்மா பேசவில்லை. பிறகு, "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

"நடுவுல பளிச்சுன்னு ஒரு வெளிச்சம் வருதே, அது என்ன?" என்று கேட்டார்.

என் மகள் தலையைக் குனிந்து கொண்டாள். "அது நான்தான் அப்பாயி. 11 மணிக்கு டார்ச் அடிச்சு எட்டிப் பார்த்தேன். அப்பாகிட்ட சொல்லல."

"ஒரே ஒரு படம்தானே, அதை எடுத்துவிடலாம்" என்றேன். அம்மா, "வேணாம், இருக்கட்டும்" என்றார். பேத்தியை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டார். ஏழாவது தடவையோ, எட்டாவது தடவையோ பார்த்த பிறகு திரும்பி என்னைக் கேட்டார்:

"ஏன்டா, வாடுறதை எடுக்கலையா?"

"இல்லையே அம்மா. 12.30-க்கே நின்றுவிட்டது."

"பாதிக் கதைதானே காட்டுற! இன்னும் ரெண்டு மொட்டு இருக்கு, பாரு."

ஓடிப் போய்ப் பார்த்தேன். இரண்டாவது மொட்டு தலையைத் தூக்கி இருந்தது. என் மகள் பேப்பரும் பென்சிலும் எடுத்துக் கொண்டு உட்கார்ந்தாள். இரவு 7 முதல் காலை 6 வரை 11 மணி நேரம். 39,600 வினாடி. 30 வினாடிக்கு ஒன்று என்றால், 1,320 படங்கள். 44 வினாடி ஓடும். கொஞ்சம் நீளம்தான். ஆனால், பார்க்கப் போகிறவர் அலுத்துக் கொள்ள மாட்டார்.

பவர் பேங்க்தான் அவ்வளவு நேரம் தாங்காது. இன்னொன்று இரவல் கேட்க, நான் பக்கத்து வீட்டுக்குப் போகிறேன்.